மாதச் செலவைக் குறைத்து மிச்சத்தைக் கையில் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

செலவைக் குறைக்கணும் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் டீயில்தான் கை வைக்கச் சொல்வார்கள். தினமும் கடையில் குடிக்கிற டீயை நிறுத்தினால் மாதம் 400 ரூபாய் மிச்சம் என்று கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த 400 ரூபாய் மாதக் கடைசியில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் டீக்குக் கொடுக்காத பணம் அதே பாக்கெட்டிலிருந்து, அதே ஜிபேயிலிருந்து வேறு எதற்கோ போயிருக்கும். செலவைக் குறைக்கத் தெரியாதவர்களைவிட, நன்றாகவே குறைத்துவிட்டு மிச்சமான பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் கோட்டைவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் எங்கெங்கே குறைப்பது என்பதோடு, குறைத்ததை அன்றைக்கே எப்படி அப்புறப்படுத்துவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழ்நாட்டில், மாதம் 25,000 முதல் 50,000 வரை வருமானம் வருகிற, 20ஆம் தேதிக்கு மேல் கை இறுகிப்போகிற வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் படி: ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் குறைக்காதீர்கள்

முதல் மாதம் எப்போதும் போலவே செலவு செய்யுங்கள், எழுத மட்டும் செய்யுங்கள். எழுத ஆரம்பித்த அன்றே சிக்கனமும் ஆரம்பித்தால் உண்மையான செலவு தெரியவே தெரியாது. பழைய டைரியோ, போனில் நோட்ஸோ, எது கைக்கு எட்டுகிறதோ அது போதும். யுபிஐயில் போனது எப்படியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். கையில் எடுத்த ரொக்கம்தான் மாயமாய் மறையும், அதை அன்றன்றைக்கே எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேர் செலவு செய்தால் இரண்டு பேரும் எழுத வேண்டும், ஒருவர் எழுதி இன்னொருவரைக் கேள்வி கேட்டால் பத்தாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

மாத முடிவில் பிரிக்கும்போது சாப்பாடு, துணி, போக்குவரத்து என்று பிரிக்காதீர்கள், அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. மூன்றாகப் பிரியுங்கள். கேட்காமலேயே போகிற பணம் ஒன்று: வாடகை, இஎம்ஐ, கரண்ட் பில், ரீசார்ஜ், கேபிள், ஆட்டோபே. நாமே கடைக்குப் போய் அல்லது போனைத் தட்டிச் செலவழிப்பது இரண்டாவது. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து மொத்த பட்ஜெட்டையும் கவிழ்க்கிறது மூன்றாவது, அதாவது ஸ்கூல் பீஸ், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, மொய் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, அதனால்தான் இந்தப் பிரிவு.

இரண்டாவது படி: குறைப்பதற்கு முன்பே ஆர்டி தொடங்குங்கள்

மிச்சம் வரட்டும், அப்புறம் போடலாம் என்றால் வராது. முதலில் 500 ரூபாய்க்காவது ஓர் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை போடுகிற தொடர் வைப்பு, தொடங்கிவிடுங்கள். சம்பளம் ஏறுகிற தேதிக்கு மறுநாள் பணம் தானாகப் போகிற மாதிரி வைப்பது முக்கியம்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. 2023 அக்டோபரில் அறிவித்த 6.7 சதவீத வட்டிப்படி, மாதம் 2,000 ரூபாய் போட்டால் ஐந்து வருடத்தில் நாம் கட்டுகிற 1,20,000 ரூபாய் சுமார் 1,42,700 ரூபாயாக வரும். மூன்று வருடம் ஆகும் முன் மூட முடியாது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். ஒரு வருடம் கட்டிய பிறகு அவசரம் என்றால் கட்டியதில் பாதி வரை கடன் எடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் தேவைப்படுகிற பணத்துக்கு வங்கி ஆர்டி நல்லது, அதை 12 மாதத்துக்கே போடலாம்.

அந்தக் காலத்திலிருந்து நம் வீட்டுப் பெண்கள் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் சிறுவாடு சேர்த்தது இதே முறைதான். செலவுப் பணத்தோடு கலக்காமல், செலவு தொடங்கும் முன்பே எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பரீட்சை பீஸ் கட்டப்பட்டிருக்கிறது. டப்பாவில் வட்டி வராது, ஆர்டியில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிமேல் இந்த வழிகாட்டியில் எதைக் குறைத்தாலும், குறைந்த தொகையை அன்றே இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஜிபே இணைப்பும் வேண்டாம், ஏடிஎம் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

மூன்றாவது படி: கேட்காமல் போகிற பணம்

முதலில் இங்கே கை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை சரிசெய்தால் போதும், அப்புறம் மாதாமாதம் மனதைக் கட்டுப்படுத்திக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

கரண்ட் பில்லை எடுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, 2016இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500 யூனிட் எல்லை. 2024 ஜூலை கட்டணப் பட்டியல்படி, 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போவது மட்டுமில்லை, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குப் பாதி விலையாகக் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் சேர்ந்து போய்விடும். 560 யூனிட் ஓடுகிற வீடு 480க்கு இறங்கினால் ஒரு பில்லில் 800 ரூபாய்க்கு மேல் குறையும். 80 யூனிட்டுக்கு 800 ரூபாய்!

அந்த 80 யூனிட்டை எங்கிருந்து எடுப்பது? ஃபேனிலிருந்து. நம் ஊர் வெயிலில் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுவது சாதாரணம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில்தான் இழுக்கும். 45 வாட் வித்தியாசத்தை 15 மணி நேரத்தாலும் 60 நாளாலும் பெருக்கினால் ஒரு ஃபேனுக்கு சுமார் 40 யூனிட் வருகிறது. ஹாலிலும் படுக்கையறையிலும் ஆக இரண்டு மாற்றினால் கணக்கு சரியாகிவிடும். ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தாலும் 500ஐ ஒட்டி இருக்கிற வீட்டில் ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வாடகை வீடாக இருந்தாலும் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் பில் 150, 200 யூனிட்டுக்குள்தான் வருகிறது என்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், இருக்கிறது பழுதாகும்போது மாற்றினால் போதும்.

2,000 வாட் வாட்டர் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட், பில்லுக்கு 60 யூனிட். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதை அணைத்தே வைக்கலாம். ஏசி இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் குறைகிறது என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. கூடவே ஃபேனைப் போட்டுக்கொண்டால் 26லேயே நன்றாகத் தூங்கலாம்.

இன்னொரு பழக்கம், இதற்குக் காசே ஆகாது. ரீடிங் எடுத்த அன்றைக்குத் தினசரிக் காலண்டரில் மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். 45ஆம் நாள் போய் மீட்டரைப் பார்த்துக் கழித்துப் பாருங்கள். 390 வந்திருந்தால் இதே வேகத்தில் 60ஆம் நாள் 520 ஆகும் என்பது தெரிந்துவிடும், மிச்சம் இருக்கிற 15 நாளில் ஹீட்டரையும் ஏசியையும் கொஞ்சம் பிடித்து வைத்தால் 500க்குள் நிறுத்தலாம். பில் வந்த பிறகு வருத்தப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து போன். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள், பார்க்காத ஓடிடி, எப்போதோ இலவச சோதனை என்று சேர்ந்த ஆப் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து படியுங்கள். வீட்டில் அப்பா, அம்மா பட்டன் போன் வைத்திருந்தால் டேட்டாவோடு ரீசார்ஜ் செய்யத் தேவையில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட விதிக்குப் பிறகு பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்குகள் வந்திருக்கின்றன.

சொந்த வீடு என்றால் சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டுங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். எப்படியும் கட்டப்போகிற பணம், ஒரு மாதம் தாமதித்துச் சலுகையை விடுவானேன்?

நான்காவது படி: மளிகையும் அடுக்களையும்

பெரும்பாலான வீடுகளில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு இது. இங்கே நிதானமாகப் பார்க்கணும்.

மளிகை லிஸ்ட்டை ஹாலில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அடுக்களையில் நின்று, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து எழுதுங்கள். போன மாத உளுந்து முக்கால் டப்பா இருக்கும், பெருங்காயம் பிரிக்காமலே இரண்டு இருக்கும், ரவையில் வண்டு விழுந்திருக்கும், பின்வரிசையில் வாங்கியதே மறந்துபோன சேமியா பாக்கெட் இரண்டு கிடக்கும். வழக்கமான லிஸ்ட்டை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிற வீடுகளில் மாதாமாதம் நடக்கிறது இது. மிச்சம் இருக்கிறதைக் கழித்து எழுதிக்கொண்டு போய், "அண்ணாச்சி, உளுந்து அரைக் கிலோ போதும், ரவை இந்த மாசம் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், முதல் மாதமே பில்லில் தெரியும்.

எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று டின்னில் பேனாவால் தேதி எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை, டீத்தூள், சோப்பு, சலவைத் தூளுக்கும் அப்படியே. எது எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும், லிஸ்ட் தானாகச் சரியாகும். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் இரண்டு, இரண்டரை லிட்டர் எண்ணெய்க்கு மேல் போனால் பொரியலையும் அப்பளத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம், உடம்புக்கும் அது நல்லது.

பாக்கெட் பொருள் வாங்கும்போது எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட்தான் லாபம் என்பது எப்போதும் உண்மையில்லை, ஷாம்புவில் பல சமயம் ஒரு ரூபாய் சாஷேதான் மலிவாக இருக்கும்.

புளி, மிளகாய், மல்லி மூன்றையும் மாசி முதல் சித்திரைக்குள், புதுசு வரத்து இருக்கும்போது வருடத்துக்கு வாங்கிவிடலாம். புளியைக் கொட்டை, நார் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் போட்டால் வருடம் முழுக்கக் கெடாது. மிளகாய்த்தூளும் சாம்பார்ப் பொடியும் மில்லில் அரைத்தால் பாக்கெட்டைவிடக் குறைவாகத்தான் ஆகும், வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இட்லி அரிசி ஒரு கிலோவும் உளுந்து கால் கிலோவும் அரைத்தால் மூன்று கிலோ அளவுக்கு மாவு வரும். கடையில் மூன்று பாக்கெட் மாவு வாங்குகிற விலையில் பாதிகூட ஆகாது. இந்த மாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆப்பில் சாப்பாடு வரவழைப்பது பெரும்பாலும் வேலை முடிந்து சமைக்கத் தெம்பில்லாமல் வருகிற நாளில்தான். கடை விலையைவிடக் கூடுதல் விலை, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இரண்டு பேர் சாப்பிட 400 ரூபாய் போய்விடும். ஃப்ரிட்ஜில் மாவும் டப்பாவில் இட்லிப் பொடியும் இருந்தால் பத்து நிமிடத்தில் தோசை, ஆர்டர் போடுகிற எண்ணமே வராது. அந்த ஆப்பை மொபைலிலிருந்து எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், அதில் சேமித்து வைத்திருக்கிற கார்டு விவரத்தை மட்டும் நீக்கிவிடுங்கள்.

கேஸ் பற்றிச் சுருக்கமாக: பருப்பையும் சுண்டலையும் ஊறவைத்து வேகவையுங்கள், சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்கி வையுங்கள், முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

ஐந்தாவது படி: உரிமையுள்ளதை வாங்குங்கள்

ரேஷன் கடைக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு என்ன விலை விற்கிறது என்று பாருங்கள். ரேஷன் பச்சரிசியை மாவாக அரைத்து வைத்தால் கொழுக்கட்டை, இடியாப்பத்துக்கு ஆகும், புழுங்கலரிசியை இட்லிக்குக் கலக்கலாம்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. தினமும் ஷேர் ஆட்டோவில் போக 20, வர 20 கொடுக்கிறவர் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் மாதம் 1,000 ரூபாய் நிற்கும்.

காய் வாங்க உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள் காலையிலேயே போய்விடுங்கள். 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது, இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசுகிற வேலை இல்லை. ஆவின் பால் தினமும் வாங்குகிறவர்கள் மாதாந்திர அட்டை போட்டுக்கொண்டால் சில்லறை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

சுகர், பிரஷர் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். பிராண்டு மாத்திரை விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது நிறைய உண்டு. நீங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள்.

ஆறாவது படி: வருடத்துக்கு ஒரு முறை வந்து அடிப்பவை

காகிதத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதி, எந்த மாதம் என்ன பெரிய செலவு என்று நிரப்புங்கள். ஜூனில் ஸ்கூல், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நடுவில் குலதெய்வம் கோயில், வண்டி இன்சூரன்ஸ். மொத்தத்தைக் கூட்டி 12ஆல் வகுங்கள். 48,000 வந்தால் மாதம் 4,000. இதற்குத்தான் அந்த 12 மாத வங்கி ஆர்டி. முழுத் தொகையையும் போட முடியாது என்றால் பாதியாவது போடுங்கள், பாதிக் கடன் குறையும்.

தீபாவளிச் சீட்டு என்று தெரிந்தவரிடம் மாதம் கட்டுகிறவர்கள் அதே பணத்தை இந்த ஆர்டியில் போடலாம். சீட்டு நிறுவனம் என்றால் 1982ஆம் வருடச் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்ததா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மொய் தனிக்கதை. வைகாசி, ஆவணி வந்தால் ஒரே வாரத்தில் நாலு பத்திரிகை வரும். மொய் நோட்டை எடுத்து அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், செய்முறையைத் தட்டக் கூடாது, அது வாங்கிய கடன் மாதிரிதான். ஆனால் கௌரவத்துக்காக அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவது வேறு. அதை நிறுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழாவது படி: வட்டி

கிரெடிட் கார்டு பாக்கியோ அடகுக்கடை நகையோ இருந்தால் மேலே சொன்ன சேமிப்பையெல்லாம் அது தின்றுவிடும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு 24 சதவீதம் அது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் வருடத்துக்கு 40 சதவீதத்தையும் தாண்டலாம். ஆர்டியில் 6.7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டே இங்கே 24 கட்டுவதில் அர்த்தமில்லை. ஆர்டியைச் சின்னத் தொகையில் பழக்கத்துக்காக ஓடவிட்டு, மிச்சமாகிற மொத்தத்தையும் முதலில் இங்கே அடையுங்கள். அடகுக்கடை நகையை மீட்டு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாற்றி வைத்தால் வட்டி பெரும்பாலும் பாதியாகக் குறையும், அந்த ஒரு நாள் அலைச்சல் தகும்.

எங்கே குறைக்கவே கூடாது

பிள்ளைகளின் முட்டை, பால், பழம். மருத்துவக் காப்பீடு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. வண்டியின் பிரேக், டயர், நல்ல ஹெல்மெட். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளம். தெருவில் கூடை தூக்கி வருகிற கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதும் வேண்டாம், நம் வீட்டுப் பற்றாக்குறைக்குக் காரணம் அவரில்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், சேராமல் விட்டு ஆஸ்பத்திரி செலவுக்கு நகையை வைத்த வீடுகள் எத்தனையோ.

மூன்றாவது மாதம் முடியும்போது முதல் மாத நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் தனிக்கணக்கில் எவ்வளவு சேர்ந்ததோ அந்த அளவுக்குப் புதிதாக ஓர் ஆர்டி போடுங்கள், ஒரே மாதத்தில் நன்றாக மிஞ்சியதே என்று பெரிய தொகைக்குப் போட்டுவிட்டு நடுவில் நிறுத்த வேண்டாம். சம்பளம் கூடினாலும் போனஸ் வந்தாலும் இதே மாதிரி, கூடின பணம் கைக்கு வந்த அந்த மாதமே பாதியைத் தனிக்கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாகச் செலவு செய்யுங்கள்.